மரியோ கார்ட் கணக்கு: விற்பனைப் பட்டியலை எப்படிப் படிப்பது?

"எல்லாக் காலத்திலும் அதிகம் விற்ற வீடியோ கேம்கள்" என்று பட்டியல் போடாத கேமிங் தளமே கிடையாது. யூடியூபில் அதே பட்டியல், வண்ணப் பட்டைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுகிற வீடியோவாக வரும். 1985-ல் வந்த கேமும் 2017-ல் வந்த கேமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பார்த்து முடித்ததும் நாம் எடுக்கும் முடிவுகளில்தான் கோளாறு. "அந்தக் கேமை யாருமே சீண்டவில்லை", "போன தலைமுறையோடு ஒப்பிட்டால் இது பத்து மடங்கு பெரிய வெற்றி" என்று கமென்ட்டில் அடித்துப் பேசுகிறார்கள். அந்த முடிவுகளை இந்தப் பட்டியல் தாங்குமா என்று பார்ப்பதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

சோதித்துப் பார்க்க ஒரு தொடரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: நிண்டெண்டோவின் மரியோ கார்ட். காரணம் எளிது. ஒரே நிறுவனம், ஒரே வகை விளையாட்டு, அநேகமாக ஒவ்வொரு கன்சோலுக்கும் ஒரே ஒரு மரியோ கார்ட். தலைமுறைகளை ஒப்பிட இதைவிட வசதியான சாம்பிள் கிடைப்பது கஷ்டம்.

டிவியில் இணைத்து ஆடும் கன்சோல்களை மட்டும் முதலில் பார்ப்போம்:

சூப்பர் மரியோ கார்ட் (1992, சூப்பர் நிண்டெண்டோ): 87.6 லட்சம்
மரியோ கார்ட் 64 (1996, நிண்டெண்டோ 64): 98.7 லட்சம்
மரியோ கார்ட் டபுள் டேஷ் (2003, கேம்கியூப்): சுமார் 69 லட்சம்
மரியோ கார்ட் வீ (2008, வீ): 3.74 கோடி
மரியோ கார்ட் 8 (2014, வீ யூ): 84.6 லட்சம்
மரியோ கார்ட் 8 டீலக்ஸ் (2017, ஸ்விட்ச்): 2025 மார்ச் வரை 6.82 கோடி

இதை அப்படியே படித்தால் கதை ரெடி. மந்தமாகப் போய்க்கொண்டிருந்த தொடர், வீ காலத்தில் ஒரே தாவு தாவியது, வீ யூவில் குப்புற விழுந்தது, ஸ்விட்ச்சில் எழுந்து எல்லோரையும் தாண்டிப் போனது. விழுந்ததும் எழுந்ததும் ஏறக்குறைய ஒரே கேம் என்பதைக் கவனியுங்கள். டீலக்ஸில் பேட்டில் மோடைச் சரிசெய்தார்கள், தனியாக விற்ற கூடுதல் டிராக்குகளைச் சேர்த்தே கொடுத்தார்கள், 2022-23-ல் காசுக்கு இன்னும் 48 டிராக்குகள் வந்தன. ஆனாலும் அடிப்படை ஆட்டம் 2014-ல் வந்த அதே ஆட்டம்தான். அது 84 லட்சம் விற்றதற்கும் 6.8 கோடி விற்றதற்கும் ஆட்டத்தின் தரத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது.

வகுத்துப் பார்த்தால்

இந்த இடத்தில் விவரம் தெரிந்தவர்கள் ஒரு திருத்தம் சொல்வார்கள்: கேம் விற்பனையை, கன்சோல் விற்பனையால் வகுக்க வேண்டும். நியாயம்தான். கன்சோல் இல்லாதவர் கேம் வாங்கப் போவதில்லை. சூப்பர் நிண்டெண்டோ 4.91 கோடி, நிண்டெண்டோ 64 3.29 கோடி, கேம்கியூப் 2.17 கோடி, வீ 10.16 கோடி, வீ யூ 1.36 கோடி, ஸ்விட்ச் 2025 மார்ச் வரை 15.21 கோடி விற்றிருக்கின்றன. வகுத்தால், நூறு கன்சோலுக்கு எத்தனை மரியோ கார்ட் என்று கிடைக்கும்:

சூப்பர் நிண்டெண்டோ: 18
நிண்டெண்டோ 64: 30
கேம்கியூப்: 32
வீ: 37
வீ யூ: 62
ஸ்விட்ச்: 45

தலைகீழாகிவிட்டது. கீழிருந்து இரண்டாவதாக இருந்த வீ யூ கேம் இப்போது உச்சியில். வீ யூவிலிருந்து ஸ்விட்ச்சுக்கு வந்தபோது கன்சோல் எண்ணிக்கை 11 மடங்கு கூடியது, கேம் விற்பனை 8 மடங்குதான் கூடியது. இந்தக் கணக்குப்படி "விழுந்தது" என்று சொன்ன கேம்தான் தொடரிலேயே அதிகம் வரவேற்கப்பட்டது.

பல கட்டுரைகள் இங்கேயே நிறுத்திக்கொள்கின்றன. "பார்த்தீர்களா, உண்மையான வெற்றி இதுதான்" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. வகுத்து வந்த எண்ணும் முதல் எண் அளவுக்கு ஏமாற்றக்கூடியது. திசைதான் வேறு.

ஒரு தெருவில் சின்ன மெஸ் இருக்கிறது என்று வையுங்கள். தினமும் வருவது பத்தே பேர். அதில் ஆறு பேர் மீன் குழம்பு கேட்கிறார்கள். மெயின் ரோட்டு ஹோட்டலுக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள், 450 பேர் மீன் குழம்பு கேட்கிறார்கள். மெஸ் மீன் குழம்புதான் ருசி என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியுமா? அந்தப் பத்துப் பேர் மெஸ்ஸைத் தேடி வந்ததே மீன் குழம்புக்காக இருக்கலாம். வீ யூ அப்படிப்பட்ட மெஸ்தான். பெயரைப் பார்த்து இது புது கன்சோலா, பழைய வீயின் துணைக்கருவியா என்று குழம்பியவர்கள் ஏராளம். அந்தக் குழப்பத்தையும் தாண்டி 1.36 கோடி பேரில் ஒருவராக அதை வாங்கியவர் பெரும்பாலும் நிண்டெண்டோ கேம்களுக்காகவே வாங்கியவர். அவர்களில் நூற்றுக்கு 62 பேர் மரியோ கார்ட் வாங்கியது பெரிய ஆச்சரியமில்லை.

எதிர்ப்பக்கமும் இதேதான். கன்சோல் நன்றாக விற்க விற்க, தீவிர ரசிகர்களுக்கு வெளியே இருப்பவர்கள் உள்ளே வருகிறார்கள். வருஷத்துக்கு ஒரு கேம் மட்டும் வாங்குகிறவர்கள், குழந்தைக்கென்று ஒன்றை வாங்கிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள், ஒரே வீட்டில் இரண்டாவது மூன்றாவது ஸ்விட்ச் வாங்குகிறவர்கள். இவர்கள் எல்லோரும் வகுக்கும் எண்ணைப் பெரிதாக்குவார்கள். 15 கோடி விற்ற மெஷினில் 45 என்பது, ஒன்றரைக் கோடியைத் தொடாத மெஷினில் 62 என்பதைவிடக் கடினமான சாதனை என்றுகூட வாதாடலாம்.

காணாமல் போன பாதி

இதுவரை போட்ட கணக்கில் இன்னொரு பெரிய ஓட்டை உண்டு. "டிவி கன்சோல்களை மட்டும்" என்று ஆரம்பத்திலேயே பிரித்துவிட்டேன். பெரும்பாலான ஒப்பீடுகளும் அப்படித்தான் பிரிக்கின்றன. ஆனால் ஸ்விட்ச் டிவி கன்சோல் மட்டுமா? கையில் எடுத்துப் போகும் மெஷினும் அதுவேதான். முன்பெல்லாம் நிண்டெண்டோ ஒரே நேரத்தில் இரண்டு மெஷின் விற்கும், வீட்டுக்கு ஒன்று, கைக்கு ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி மரியோ கார்ட். ஸ்விட்ச்சோடு அந்த இரண்டு வரிசையும் ஒன்றாகிவிட்டன. அப்படியானால் ஸ்விட்ச் கேமுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது வீ கேமை மட்டும் இல்லை, அதே காலத்து டிஎஸ் கேமையும் சேர்த்துத்தான்.

சேர்த்துப் பார்ப்போம்:

கேம்பாய் அட்வான்ஸ் (சுமார் 59 லட்சம்) + கேம்கியூப்: சுமார் 1.3 கோடி
டிஎஸ் (2.36 கோடி) + வீ: 6.10 கோடி
3டிஎஸ் (சுமார் 1.9 கோடி) + வீ யூ: சுமார் 2.7 கோடி
ஸ்விட்ச்: 6.82 கோடி

எனக்கு இந்த நாலு வரிகள்தான் மற்ற எல்லாப் பட்டியலையும்விட முக்கியம். வீ கேமின் 3.74 கோடிக்குப் பக்கத்தில் 6.82 கோடியை வைத்தால் ஏறக்குறைய இரு மடங்கு வளர்ச்சி. தலைமுறையை முழுசாகச் சேர்த்தால் வளர்ச்சி 12 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதுவும் ஸ்விட்ச் கேம் எட்டு வருஷம் கடையில் இருந்து, டவுன்லோடு விற்பனையும் சேர்ந்து வந்த எண். "வரலாறு காணாத பாய்ச்சல்" என்று கொண்டாடப்படுவதில் பெரும்பகுதி, முன்பு இரண்டு வரிகளில் எழுதிய கணக்கை இப்போது ஒரே வரியில் எழுதுவதால் வந்தது. 2005-க்கும் 2010-க்கும் நடுவில் நிண்டெண்டோ தொட்ட உச்சத்தை ஸ்விட்ச் மறுபடி தொட்டுக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது. அது சின்ன விஷயமில்லை. ஆனால் பட்டியல் சொல்லும் கதை அதுவல்ல.

இதற்கும் மறுபக்கம் உண்டு. டிஎஸ்ஸும் வீயும் இரண்டும் வைத்திருந்த வீடுகள் பல. அங்கே ஒரே ஆள் இரண்டு மரியோ கார்ட் வாங்கியிருப்பார், ஸ்விட்ச்சில் ஒன்று போதும். அதனால் 6.10 கோடி பிரதிகளுக்குப் பின்னால் இருந்த மனிதர்கள் அதைவிடக் குறைவு. இன்னொரு பக்கம், மரியோ கார்ட் டிஎஸ்ஸில் ஒரே கார்ட்ரிட்ஜை வைத்து எட்டு பேர் வரை வயர்லெஸ்ஸில் ஆடலாம். கார்ட்ரிட்ஜ் இல்லாதவர்களுக்கு ஷை கை பாத்திரமும் சில டிராக்குகளும் மட்டும் கிடைக்கும், அவ்வளவுதான். ஒருவர் வாங்கினால் வகுப்பே ஆடும். போதாக்குறைக்கு ஆர்4 மாதிரியான கார்டுகள் வேறு. மெமரி கார்டில் கேம்களைத் திருட்டுத்தனமாகப் போட்டு டிஎஸ்ஸில் செருகி ஆடலாம். 2009-ல் டோக்கியோ நீதிமன்றம் அதன் விற்பனைக்குத் தடை போடும் அளவுக்குப் பரவியிருந்தது. ஆக டிஎஸ் கேமை ஆடியவர்கள் வாங்கியவர்களைவிட நிறைய. ஒன்று எண்ணைக் கூட்டுகிறது, இன்னொன்று குறைக்கிறது. "எத்தனை பேர் ஆடினார்கள்" என்ற கேள்விக்கு விற்பனை எண் பதில் சொல்லாது.

விற்றது என்றால் என்ன?

அடுத்த சிக்கல் "விற்றது" என்ற சொல்லிலேயே இருக்கிறது.

வீ ஸ்போர்ட்ஸ் 8.29 கோடி. எந்தப் பட்டியலிலும் மேலே இருக்கும். ஜப்பானுக்கும் தென்கொரியாவுக்கும் வெளியே அது வீ பெட்டிக்குள்ளேயே வந்தது. அமெரிக்காவில் ஒருவர் வீ வாங்கினால் வீ ஸ்போர்ட்ஸும் கணக்கில் ஏறிவிடும். ஜப்பானில் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். ஒரே எண்ணுக்குள் இரண்டு வேறு செயல்கள். சூப்பர் மரியோ பிரதர்ஸின் 4.02 கோடியிலும் கன்சோலோடு சேர்ந்து வந்தவை ஏராளம். இப்போது ஸ்விட்ச் 2-ஐப் பாருங்கள். 2025 ஜூன் கடைசி வரை 58.2 லட்சம் மெஷின், 56.3 லட்சம் மரியோ கார்ட் வேர்ல்டு. நூற்றுக்கு 97. வீ யூவின் 62-ஐ ஊதித் தள்ளிவிட்டது என்று யாராவது சொன்னால், கன்சோலும் கேமும் சேர்ந்த பெட்டியைத்தான் பெரும்பாலோர் வாங்கினார்கள் என்பதை நினைவூட்டுங்கள்.

அதற்காக சேர்த்துக் கொடுத்ததெல்லாம் இலவசம், கணக்கில் வராது என்று தள்ளுவதும் தப்பு. வீ ஸ்போர்ட்ஸ் ஆடுவதற்காகவே வீ வாங்கியவர்கள் உண்டு. அவர்களைப் பொறுத்தவரை மெஷின்தான் இலவச இணைப்பு!

பிறகு, கடைக்குப் போனது வேறு, வாங்குபவர் கைக்குப் போனது வேறு. நிறுவனங்கள் அறிவிக்கும் எண் பெரும்பாலும் முதல் வகை. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதற்கு அட்டாரியின் ஈ.டி. சாட்சி. 1982 கிறிஸ்துமஸுக்காக லட்சக்கணக்கில் தயாரித்து அனுப்பினார்கள், ஏராளமானவை திரும்பி வந்தன. அப்படிப்பட்ட கார்ட்ரிட்ஜ்களை 1983-ல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோவில் குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014-ல் தோண்டி எடுத்தும் காட்டினார்கள். டவுன்லோடு விற்பனை வந்தபிறகு இந்த இடைவெளி சுருங்கிவிட்டது. அதாவது 1982-ன் "விற்றது" வேறு, 2025-ன் "விற்றது" வேறு.

பட்டியலுக்குள் ஒரே விதி இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. ஜிடிஏ 5, 2013-ல் பிளேஸ்டேஷன் 3-லும் எக்ஸ்பாக்ஸ் 360-லும் வந்தது, 2014-ல் அடுத்த தலைமுறைக்கும் 2022-ல் அதற்கடுத்த தலைமுறைக்கும் வந்தது. 21 கோடிக்கு மேல். மூன்று தலைமுறையும் ஒரே வரி. மரியோ கார்ட் 8-ஐ மட்டும் சிலர் சேர்த்து எழுதுகிறார்கள், சிலர் பிரித்து எழுதுகிறார்கள்.

பட்டியலுக்குள் வரவே வராதவையும் உண்டு. 1992-லிருந்து ரஷ்யாவில் ஸ்டீப்ளர் என்ற நிறுவனம் விற்ற டெண்டி, நிண்டெண்டோவின் பழைய கன்சோலுடைய நகல். நம்ம ஊரில் "டிவி கேம்" என்ற பெயரில் "9999 இன் 1" கார்ட்ரிட்ஜோடு விற்றதும் அதே ஜாதிதான். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு மரியோவும் கான்ட்ராவும் அறிமுகமானது அந்தப் பெட்டியில்தான். அந்த வீடுகளில் ஒன்றுகூட 4.02 கோடியில் இல்லை.

வகுக்கும் எண்ணே இல்லாவிட்டால்?

நிண்டெண்டோ எல்லா எண்ணையும் வெளியிடுவதால்தான் மேலே இவ்வளவு கணக்குப் போட முடிந்தது. மற்ற இடங்களில் அந்த வசதியும் போய்க்கொண்டிருக்கிறது.

2016 நவம்பரில் ஃபைனல் ஃபேண்டஸி 15 வந்த முதல் நாளே 50 லட்சம் என்று ஸ்கொயர் எனிக்ஸ் அறிவித்தது. 2023 ஜூனில் ஃபைனல் ஃபேண்டஸி 16, முதல் வாரத்தில் 30 லட்சம். உடனே "சரிவு" என்று பேச்சு. பிளேஸ்டேஷன் 5 எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது வலுவான விற்பனைதான் என்று நிறுவனத்தின் பக்கமிருந்து பதில் வந்தது. பதிலைச் சரிபார்ப்போம். 16-வது கேம் அப்போது பிளேஸ்டேஷன் 5-ல் மட்டும், அது சுமார் 4 கோடி. நூற்றுக்கு ஏழரை. 15-வது கேமுக்கு பிளேஸ்டேஷன் 4 சுமார் 5 கோடி, கூடவே எக்ஸ்பாக்ஸ் ஒன். இங்கே கணக்கு நின்றுவிடுகிறது, ஏனென்றால் 2015 அக்டோபரிலேயே மைக்ரோசாஃப்ட் கன்சோல் எண்ணிக்கையை வெளியிடுவதை நிறுத்திவிட்டது. பிளேஸ்டேஷன் 4-ஐ மட்டும் வைத்து வகுத்தால் பத்து வரும், எக்ஸ்பாக்ஸையும் சேர்த்தால் பத்துக்குக் கீழே. எவ்வளவு கீழே என்பதில்தான் முழு வாதமும் தொங்குகிறது.

மைக்ரோசாஃப்ட் பக்கம் கேம் எண்ணிக்கையும் உருமாறிவிட்டது. எக்ஸ்பாக்ஸ் 360-ல் ஹேலோ 3 இத்தனை பிரதி விற்றது என்று பேசினோம். 2021-ல் வந்த ஹேலோ இன்ஃபினிட்டுக்கு அறிவித்தது "2 கோடிக்கு மேல் ஆட்டக்காரர்கள்". அதன் மல்டிபிளேயர் இலவசம், கதைப் பகுதி கேம் பாஸ் மாதச் சந்தாவிலேயே கிடைக்கும். இந்த 2 கோடியை ஹேலோ 3 விற்பனைக்குப் பக்கத்தில் வைப்பது, சினிமா டிக்கெட் எண்ணிக்கையையும் டிவியில் அதே படம் ஓடியபோது பார்த்தவர்களையும் ஒப்பிடுவது மாதிரி.

இதெல்லாம் எதற்கு?

ரசிகர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டுமே, நமக்கென்ன என்று கேட்கலாம். ஆனால் இதே மாதிரியான அவசரத் தீர்ப்புகள் கேம் நிறுவனங்களின் அறிக்கைகளிலும் வருகின்றன, அங்கே வேலைகள் அடிபடும். 2013-ல் டூம் ரெய்டர் வந்த அதே மாதம் 34 லட்சம் என்று ஸ்கொயர் எனிக்ஸ் கணக்குச் சொன்னது, அது இலக்குக்குக் குறைவு என்றும் சொன்னது. அதே சமயத்தில் நிறுவனத் தலைவர் பதவி விலகல் அறிவிப்பும் வந்தது. அந்தக் கேம் பிளேஸ்டேஷன் 3 - எக்ஸ்பாக்ஸ் 360 தலைமுறையின் கடைசி வருஷத்தில் வந்தது. அடுத்த ஜனவரியில் புதிய கன்சோல்களுக்கும் போனது, பின்னாளில் ஒரு கோடியைத் தாண்டியது. ஒரு மாதத்து எண்ணை வைத்து எழுதிய தீர்ப்பு, தலைமுறை மாறியதும் செல்லாமல் போனது. மரியோ கார்ட் 8-க்கும் நடந்தது இதுதான். 84 லட்சத்தோடு அதன் கணக்கை மூடியிருந்தால் 6.8 கோடி வந்திருக்காது.

அதனால் இந்த மாதிரிப் பட்டியலைப் பார்க்கும்போது நான் மூன்று விஷயங்களைத் தேடுகிறேன். ஒன்று, கேள்வி என்ன: நிறுவனத்துக்கு வந்த பணமா, ஆடிய மனிதர்களா, கன்சோல் வைத்திருந்தவர்களில் எத்தனை பேரை அது இழுத்தது என்பதா? மூன்றுக்கும் மூன்று எண் வேண்டும். இரண்டு, அந்த எண்ணுக்குள் என்னென்ன அடைத்திருக்கிறார்கள்: பெட்டியோடு வந்ததா, கடைக்குப் போனதா, எத்தனை மெஷின், எத்தனை வருஷம்? மூன்று, பக்கத்தில் வைத்திருக்கும் ஜோடி சரியான ஜோடிதானா? டிஎஸ்ஸும் ஸ்விட்ச்சும் தலா 15 கோடி சொச்சம் விற்றவை, மரியோ கார்ட் மட்டும் 2.36 கோடிக்கும் 6.82 கோடிக்கும் வித்தியாசப்படுகிறது. இந்த ஜோடியை எடுத்தால் வகுத்தலே தேவையில்லை, ஏன் வித்தியாசம் என்ற நல்ல கேள்வி நேரடியாக வருகிறது. அதற்கான பதிலில் பாதி, அந்தக் காலத்தில் பக்கத்திலேயே விற்றுக்கொண்டிருந்த வீயில் இருக்கிறது.

ஸ்விட்ச் 2-ன் 97 இனி இறங்கத்தான் செய்யும். 2025 செப்டம்பர் கடைசியில் மெஷின் 1.04 கோடி, கேம் 95.7 லட்சம், அதாவது 92. கேமும் சேர்ந்த பெட்டி கடையை விட்டுப் போனபிறகு அது இன்னும் இறங்கும்போது "மரியோ கார்ட் மவுசு குறைகிறது" என்று தலைப்பு வரும். அப்போது இந்தக் கணக்கை எடுத்துப் பாருங்கள்.